வாசகர் கேள்வி பதில்: கட்டடக்கலை ஸ்டூடியோவில் உதவியாளர் வேலை

கேள்வி: வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடம் செயலாளராக இருந்தேன். அடுத்த மாதம் டர்பனில் ஒரு கட்டடக்கலை ஸ்டூடியோவில் இயக்குநருக்கு எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்டாகச் சேர்கிறேன். வரைபடம் படிக்கத் தெரியாதே, சமாளிக்க முடியுமா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தாராளமாக முடியும். முழு வரைபடமும் புரிய வேண்டியதில்லை. தாளின் ஓரத்தில் இருக்கும் பெயர்க்கட்டத்தை முதல் வாரத்திலேயே படித்துப் பழகுங்கள். வரைபட எண், தேதி, ரிவிஷன் எழுத்து (வரைபடத்தைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் ஏ, பி, சி என்று மாறுவது) எல்லாம் அதில்தான் இருக்கும். அந்த ஒற்றை எழுத்து தவறினால்தான் பணம் போகும். ரிவிஷன் சி-யில் குளியலறைக் கதவு இடம் மாறியிருக்கும். சைட்டில் இன்னும் பி தாள் தொங்கும். கொத்தனார் பழைய இடத்திலேயே வாசல் விட்டுச் சுவரை எழுப்பிவிடுவார். இடித்துக் கட்டும் செலவு யார் தலையில் என்ற தகராறு, 'சி தாளை என்றைக்கு, யாரிடம் கொடுத்தீர்கள்?' என்பதில் வந்து நிற்கும்.

ஆகவே வெளியே போகும் ஒவ்வொரு தாளுக்கும் பதிவேட்டில் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, வரைபட எண், ரிவிஷன், பெற்றவர், எதற்காக (பார்வைக்கா, டெண்டருக்கா, கட்டுவதற்கா). இயக்குநர் சைட்டில் நின்றபடி வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் இதில் சேரும். பதிவேடுகளில் ஓட்டை விழுவது பெரும்பாலும் அங்கேதான். அன்று மாலையே கேட்டு எழுதிவிடுங்கள்.

அடுத்தது நகராட்சித் தேதிகள். தென்னாப்பிரிக்காவின் 1977-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத்துக்கு நகராட்சி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் என்றால் 60 நாள். ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால், நீட்டிப்பு வாங்காத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். வாடிக்கையாளர் பணத்துக்காகக் காத்திருக்கும் வேலைகளில் இதுதான் கண்ணில் படாமல் நழுவும். ஒப்புதல் வந்த அன்றே, அதிலிருந்து பத்தாவது மாதத்துக்கு டைரியில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

டைரியைப் பொறுத்தவரை, சட்ட அலுவலகப் பழக்கம் ஒன்றை விட வேண்டும். காலியாகத் தெரியும் நேரத்தையெல்லாம் சந்திப்பால் நிரப்பாதீர்கள். வடிவமைப்புக்குத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரமாவது வேண்டும். வாரத்தில் இரண்டு காலையை 'வரைதல்' என்று அடைத்துவைத்துக் காப்பாற்றுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு லீவு கேட்கலாமா?
- வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கேளுங்கள். இங்கே அது பொது விடுமுறை இல்லை, வருடாந்திர லீவிலிருந்துதான் கழியும். டிசம்பர் நடுவில் கட்டுமானத் துறை மூடுவதற்குள் எல்லாவற்றையும் முடிக்க ஓடும் காலத்தில்தான் தீபாவளியும் வருகிறது. ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். லீவுக்கு முந்தின நாள், அந்த வாரம் கையெழுத்தாக வேண்டிய பேமென்ட் சர்டிஃபிகேட்களின் (கட்டுபவருக்கு இவ்வளவு பணம் தரலாம் என்று ஸ்டூடியோ கொடுக்கும் சான்றுகள்) பட்டியலை இயக்குநர் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.