குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது: இனி நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 52. மலத்தில் ரத்தம் போனதால் கொலோனோஸ்கோப்பி செய்துகொண்டேன். பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. பிறகு எடுத்த சி.டி. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது, நான்காம் நிலை என்றார். அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் மனத்தில் பதியவில்லை. இணையத்தில் படிக்கப் படிக்கப் பயம்தான் கூடுகிறது, தூக்கமே இல்லை. கல்லூரியில் படிக்கும் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ‘நான்காம் நிலை’ என்று கேட்ட பிறகு வேறெதுவும் காதில் ஏறாமல் போவது மிக இயல்பானது. ஆகவே அதே மருத்துவரிடம் இன்னொரு முறை நேரம் கேட்டுப் போங்கள். நிதானமாகக் கேட்டு எழுதிக்கொள்ளக்கூடிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அனுமதி பெற்று உரையாடலைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாலும் நல்லது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு வந்திருப்பது இரண்டு புற்றுநோய்கள் அல்ல. குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குச் செல்வதால், குடலில் இருந்து பிரிந்த செல்கள் பெரும்பாலும் முதலில் அங்கேதான் தங்குகின்றன. அங்கு வளர்ந்தாலும் அவை குடல் புற்றுநோய்ச் செல்களே. அதற்கான மருந்துகளே அவற்றுக்கும் தரப்படும். எனவே ‘கல்லீரல் புற்றுநோய்’ என்று தேடி நீங்கள் படித்தவை உங்களுக்குப் பொருந்தாது.

மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எனக்குத் தரப்போகும் சிகிச்சையின் நோக்கம் என்ன?” என்பதாகவே இருக்கட்டும். ‘எவ்வளவு காலம் இருப்பேன்?’ என்ற கேள்விக்குக்கூட இதற்கான விடை தெரியாமல் பொருள் இல்லை. நான்காம் நிலை என்ற ஒரே பெயருக்குள் மிகவும் வேறுபட்ட நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. கல்லீரலில் சில கட்டிகள் மட்டுமே இருந்து, அவை அறுவைக்கு வசதியான இடத்தில் அமைந்திருந்தால், அவற்றை வெட்டியெடுத்து நோயை முற்றிலும் நீக்க முயலலாம். நலமான கல்லீரலில் பாதிக்கு மேல் எடுத்தாலும் எஞ்சிய பகுதி சில மாதங்களுக்குள் வளர்ந்து ஈடுகொடுத்துவிடும். இப்போது வெட்ட இயலாத கட்டிகள் சிலருக்குக் கீமோதெரபியால் சுருங்கி, பின்னர் அறுவைக்கு உகந்தவையாகின்றன. மற்றவர்களுக்கு நோயை அடக்கி வைத்து, நலமாக வாழும் காலத்தை நீட்டிப்பது நோக்கமாகிறது. இவற்றில் நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்பதைக் கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவரும் ஸ்கேனைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாரா என்று தவறாமல் கேளுங்கள். இரண்டாவது கருத்து கேட்க வேண்டுமென்றால் இந்தக் கட்டத்தில் கேட்பதுதான் பயனுள்ளது. எந்த நல்ல மருத்துவரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்தது, பரிசோதனைக்காகக் கட்டியிலிருந்து எடுத்த சதையில் செய்யப்படும் மரபணுச் சோதனைகள். கேஆர்ஏஎஸ், என்ஆர்ஏஎஸ் மரபணுக்களில் மாற்றம் இருந்தால் செடுக்சிமாப், பனிடுமுமாப் போன்ற மருந்துகள் பொதுவாகப் பயன் தருவதில்லை. டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் திறனைப் புற்றுநோய்ச் செல்கள் இழந்திருக்கின்றனவா என்று காட்டும் எம்எஸ்ஐ சோதனையில் ‘அதிகம்’ என்று வருபவர்கள், பரவிய நிலையில் உள்ள 100 பேரில் ஏறத்தாழ 5 பேர்தான். ஆனால் அவர்களுக்குக் கீமோதெரபிக்கு மாறாக, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி முதலிலேயே தரப்பட்டு, பலருக்கு நீண்ட காலம் நோய் கட்டுக்குள் இருந்திருக்கிறது. முடிவுகள் வரச் சில வாரங்கள் பிடிக்கலாம். அந்தக் காத்திருப்பு வீணான தாமதம் அன்று. 5-எஃப்யு என்ற கீமோதெரபி மருந்து தொடங்குமுன், அதை உடலில் சிதைக்கும் டிபிடி நொதிக்குக் குறைபாடு உண்டா என்று பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அந்தக் குறைபாடு உள்ள சிலருக்கு வழக்கமான அளவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

கீமோதெரபி என்றதும் பலர் கற்பனை செய்வது ஒன்று, நடப்பது வேறொன்று. அதிகம் தரப்படும் முறை ஒன்றில், 14 நாட்களுக்கு ஒரு முறை மருத்துவமனையில் சில மணி நேரம் மருந்து ஏற்றிவிட்டு, மார்புத் தோலுக்கடியில் பொருத்திய, மருந்து ஏற்ற உதவும் போர்ட் என்ற சிறு கருவியுடன் சிறிய பம்ப் ஒன்றை இணைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அது 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக மருந்தைச் செலுத்தும். இம்முறையில் தரப்படும் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறிய சில நாட்களுக்கு, குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்தால்கூட விரல் நுனிகளில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இருக்கும். குளிர்ந்த நீர் தொண்டையை இறுக்கும். இதற்குக் கையுறையும் வெதுவெதுப்பான நீருமே போதும். ஆனால் மரத்துப்போதல் அடுத்த சுற்று வரையிலும் நீடித்தால், சட்டைப் பொத்தான் போடச் சிரமம் வந்தால், பொறுத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுங்கள்: நரம்புச் சேதம் நிலைத்துவிடாமல் அளவைக் குறைக்க முடியும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றுக்கூடப் பிரியாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இணையத்தில் காணும் ஆயுட்கால எண்களைப் பற்றி ஒரு சொல். அவற்றில் பல இடைநிலை எண்கள். பாதிப்பேர் அதைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்பதும் அவற்றின் பொருளில் அடங்கும். அதோடு அவை சில ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு. உங்கள் மரபணுச் சோதனை முடிவையோ அறுவைக்கான வாய்ப்பையோ அந்த எண்கள் அறியா.

தூக்கமின்மையைச் சிறிய குறையென்று எண்ணி மறைக்காதீர்கள். வலி தணிப்பு மருத்துவக் குழுவை இப்போதே சந்திக்கலாம். இறுதிக் கட்டத்துக்கு மட்டுமே உரியவர்கள் அவர்கள் என்ற எண்ணம் தவறு. தூக்கம், பசி, மனக்கலக்கம் எல்லாவற்றையும் சிகிச்சையோடு சேர்த்தே அவர்கள் கவனிப்பார்கள்.

மகளிடம் சொல்லுங்கள். வீட்டில் ஏதோ நடக்கிறது என்பதை அவர் ஏற்கெனவே உணர்ந்திருக்கக்கூடும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை; நோயின் பெயர், அடுத்து நடக்கவிருப்பது, இன்னும் தெரியாதவை என்று உண்மையாகச் சொன்னால் போதும். அவர் அழுதால் உடனே தேற்றிவிட முனையாமல் அருகில் இருங்கள். எம்எஸ்ஐ முடிவு ‘அதிகம்’ என்று வந்தால், லின்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் காரணம் உண்டா என்று மரபியல் ஆலோசகர் பார்ப்பார். அப்படியொன்று இல்லாவிட்டாலும், பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருப்பதால் மகளுக்கு மற்றவர்களைவிட முன்கூட்டியே கொலோனோஸ்கோப்பி தேவைப்படும். அதை முதல் நாளே சொல்ல வேண்டாம். சோதனை முடிவுகள் கைக்கு வந்த பிறகு, மருத்துவர் முன்னிலையில் இருவரும் சேர்ந்தே கேட்டுக்கொள்ளலாம்.