விற்ற ஸ்கூட்டருக்கு அபராதம் வருகிறது, என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறேன். என் ஸ்கூட்டரை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தேன். தங்கை கல்லூரிக்குப் போக வண்டி வேண்டும் என்று ஈரோட்டிலிருந்து ஒருவர் வந்தார். 42,000 ரூபாய்க்குப் பேசி, 40,000 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினார். ‘பெயர் மாற்றியதும் மீதி 2,000 தருகிறேன்’ என்று சொல்லி, ஆர்.சி. புத்தகத்தையும், பெயர் மாற்றத்துக்காக நான் கையெழுத்திட்ட 29, 30 படிவங்களையும் வாங்கிப் போனார். ஆறு மாதம் ஆகிவிட்டது. வண்டி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்குச் சேலத்திலிருந்தும், மூன்று பேர் ஏறிப் போனதற்குக் கோவையிலிருந்தும் என் கைப்பேசிக்கு அபராதத் தகவல் வந்திருக்கிறது. அவரோ என் அழைப்பை எடுப்பதே இல்லை. 2,000 ரூபாய் போனால் போகட்டும். அபராதம் தவிர வேறு சிக்கல் ஏதும் வருமா?

பதில்: வரும், சகோதரி. அபராதத்தைவிடப் பெரிதாகவே வரக்கூடும். வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிறவன் நான். ‘வண்டியை எப்போதோ விற்றுவிட்டேனே, என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்?’ என்று கையில் சம்மனோடு வந்து நிற்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். உங்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதால்தான் கொஞ்சம் கடுமையாக எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டப்படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். நீங்கள் பணம் வாங்கியதும் சாவி கொடுத்ததும் உங்கள் இருவருக்குள் நடந்த வியாபாரம். அந்த ஸ்கூட்டரில் அடிபட்டவருக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2007இல் விற்கப்பட்ட கார் அது. அடுத்தடுத்துப் பல கை மாறியது. பதிவேட்டில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயரே நின்றது. 2009இல் அந்தக் கார் மோதி ஒருவர் இறந்துபோனார். இழப்பீட்டுப் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் விற்றதை யாரும் மறுக்கவில்லை. விற்றது உண்மை, பொறுப்பும் உண்மை.

ஆகவே முதல் வேலை, உங்கள் ஸ்கூட்டரின் காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்ப்பது. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் தெரியும். முடிந்திருந்தாலோ, முடியப் போகிறது என்றாலோ, மூன்றாம் நபர் காப்பீட்டை நீங்களே உங்கள் பெயரில் புதுப்பித்துவிடுங்கள். ‘எவனோ ஓட்டும் வண்டிக்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?’ என்று கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனாலும் கட்டுங்கள். சாதாரண ஸ்கூட்டருக்கு ஓராண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆகும். காப்பீடு இல்லாத வண்டியால் ஓர் உயிர் போனால் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை பல லட்சம். 1993இல் விற்கப்பட்ட ஒரு லாரி 1994இல் விபத்துக்குள்ளானது. காப்பீடு அப்போதும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. வண்டி கை மாறிவிட்டதைக் காட்டித் தப்பிக்கப் பார்த்தது காப்பீட்டு நிறுவனம். பதிவேட்டில் அவர்தானே உரிமையாளர், அவருக்குக் காப்பீடு கொடுத்த நீங்கள்தான் இழப்பீடு தர வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவேடு உங்களைச் சிக்க வைக்கும். அதே பதிவேட்டின் பேரில் எடுத்த காப்பீடு உங்களைக் காக்கும்.

இரண்டாவது வேலை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. சட்டத்தின் 50ஆம் பிரிவு, விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருவருக்குமே கடமை வைத்திருக்கிறது. 29ஆம் படிவம் அதற்குத்தான் இருக்கிறது. அதைக் கையெழுத்திட்டு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று ஊரே நம்புகிறது. அதை அலுவலகத்தில் சேர்க்க வேண்டியவர் நீங்கள். தேதி தாண்டிவிட்டதே என்று தயங்காதீர்கள். புதிதாக ஒரு 29ஆம் படிவத்தை நிரப்பி, விற்ற தேதி, வாங்கியவர் பெயர், முகவரி, யுபிஐ பரிமாற்ற எண், இருவரும் அனுப்பிக்கொண்ட செய்திகளின் நகல் எல்லாவற்றையும் இணைத்து, உங்கள் வண்டி பதிவான அலுவலகத்திலும் ஈரோட்டு அலுவலகத்திலும் கொடுங்கள். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குவதே நல்லது. வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

இப்போது உங்களிடம் வாங்கியவரைப் பற்றி. அவருக்குத் தங்கையும் இல்லை, கல்லூரியும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆறே மாதத்தில் ஒரு வண்டி சேலத்திலும் கோவையிலும் அபராதம் வாங்குகிறது என்றால், அது ஒரு குடும்பத்தின் கையில் இல்லை. வீட்டுக்கு என்று சொல்லி வாங்கி, மறுவாரமே நான்காயிரம் ஐந்தாயிரம் வைத்து விற்கும் புரோக்கர்களின் வழி இது. அவர்கள் தம் பெயருக்கு மாற்றவே மாட்டார்கள். மாற்றினால் செலவு, பதிவேட்டில் ஓர் உரிமையாளர் கூடினால் விலையும் குறையும். பெயர் மாற்றக் கோரும் 30ஆம் படிவத்தில், வாங்குபவர் பெயர் எழுதாமல், உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் போதும், அந்தத் தாள் வண்டியோடு சேர்ந்து கை மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் கொடுத்த படிவத்தில் அவர் பெயரை எழுதினீர்களா என்று சொல்லவில்லை. எழுதியிருக்க மாட்டீர்கள்.

அந்த 2,000 ரூபாய்ப் பாக்கியையும் கவனியுங்கள். பெயர் மாற்றத்தில் அவருக்கு அக்கறை இருப்பதுபோல உங்களை நம்பவைத்ததே அந்தப் பாக்கிதான். பெயரை மாற்றாமல் விட்டால் அவருக்கு 2,000 லாபம். முறைப்படி இது தலைகீழாக நடந்திருக்க வேண்டும்: முழு விலையோடு மூவாயிரமோ ஐந்தாயிரமோ கூடுதலாக நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாறியதும் திருப்பித் தந்திருக்க வேண்டும். வண்டி விற்கப் போகும் உங்கள் உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கூடவே, நாளும் மணியும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் இல்லாமல் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

‘ஆட்டோ கன்சல்டிங் கடையில் விற்றிருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காதே’ என்று யாராவது சொல்வார்கள். எல்லாக் கடைக்கும் அது பொருந்தாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தில், பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று வந்தது. அப்படிச் சான்று பெற்ற கடையிடம் வண்டியை ஒப்படைத்து, 29சி என்ற படிவம் இணையத்தில் பதிவேறினால், அன்று முதல் அந்தக் கடைக்காரரே உரிமையாளராகக் கருதப்படுவார். விபத்து, அபராதம், வழக்கு எல்லாம் அவர் தலையில். மூன்றும் சேர வேண்டும்: சான்று இருக்க வேண்டும், அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும், 29சி பதிவேற வேண்டும். கடை வாசலில் பெரிய பலகை இருக்கிறது, முதலாளி ஊரில் நல்ல பெயர் எடுத்தவர் என்பதெல்லாம் இதில் சேராது. சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 29சி பதிவான ஒப்புகையை வாங்காமல் வண்டியை விட்டு வராதீர்கள். சான்றில்லாத கடையில் விற்பதும் ஈரோட்டுக்காரரிடம் விற்பதும் ஒன்றுதான்.

எனக்கு ஆறாத கேள்வி ஒன்று இதில் இருக்கிறது. வியாபாரிக்குக் கொடுத்தால் ஓர் இணையப் படிவத்தில் பொறுப்பை இறக்கி வைக்கலாம் என்று வழி கண்டவர்களால், தனி ஆளிடம் விற்கும் சாதாரண மனிதருக்கு அதே வழியை ஏன் திறந்துவிட முடியவில்லை? சட்டம் சொன்னபடி 14 நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்தாலும், வாங்கியவர் வந்து மாற்றும்வரை பதிவேட்டில் உங்கள் பெயரே இருக்கும். ஒழுங்காகத் தெரிவித்தவரும் தெரிவிக்காதவரும் பதிவேட்டில் ஒன்றுபோல நிற்கிறார்கள். அபராதத்தைச் சில நிமிடங்களில் கைப்பேசிக்கு அனுப்பத் தெரிந்த கணினிக்கு, ‘இவர் விற்றதாகத் தெரிவித்திருக்கிறார்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளவா தெரியாது? இந்தக் குறையில்தான் அலுவலக வாசலில் இன்னொரு கூட்டம் பிழைக்கிறது. ‘வண்டியை ஆன்லைனில் முடக்கித் தருகிறேன், உள்ளே ஆள் இருக்கிறது’ என்று ஐயாயிரம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். முத்திரையிட்ட உங்கள் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு அவர்களின் வாய்ப்பேச்சுக்கு இல்லை.

மூன்றாவது வேலை காவல் நிலையம். ‘இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்பார்கள். நகர வேண்டாம். ‘என் பெயரில் உள்ள வண்டி யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை, அதை வைத்து ஏதேனும் குற்றம் நடக்கலாம்’ என்று புகாரில் எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். பொய் சேர்க்காதீர்கள். வண்டி திருடுபோய்விட்டது என்று எழுதச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். 40,000 ரூபாய் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது, அந்தப் பொய் உங்களையே குற்றவாளியாக்கும். நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டாம், விற்ற நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள். வழக்கறிஞர் மூலம் ஈரோட்டு முகவரிக்கு ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். பெரும்பாலும் அதற்கே பதில் வரும்.

அபராதங்களை உடனே கட்டிவிடாதீர்கள், கண்டுகொள்ளாமலும் விடாதீர்கள். முதலில் அவை உண்மையானவைதானா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அபராத இணைப்பையோ செயலிக் கோப்பையோ தொடாதீர்கள், வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். உண்மையான அபராதம் என்றால், அதில் இருக்கும் படத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டியவர் முகம் அதில் தெரியலாம். வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டால் தகவல் தர வேண்டிய கடமை 133ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு உண்டு. கேட்கும்வரை காத்திருக்காமல், முத்திரையிட்ட கடிதத்தையும் சி.எஸ்.ஆர். ரசீதையும் வைத்து, அபராதம் போட்ட சேலம், கோவை போக்குவரத்துக் காவல் பிரிவுகளுக்குத் தனித்தனியே எழுதுங்கள். இன்னும் புதிய அபராதம் வந்தால், அந்தப் படத்தையும் புகார் கொடுத்த நிலையத்தில் சேர்த்துவிடுங்கள். வண்டி இப்போது எந்த ஊரில் ஓடுகிறது என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே தடயம் அதுதான்.