தப்பிச்சிட்டோமா? – ஒரு காற்பந்துக் கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணே,

நீங்கள் புத்தகம், பயணம், சாப்பாடு என்று எழுதுவீர்கள், காற்பந்து பற்றி எப்போதாவது ஒரு வரி வரும். ஆனாலும் உங்களிடம்தான் கேட்கத் தோன்றியது. பிரிமியர் லீக்கில் என் குழு கீழே கிடக்கிறது. பெயரைப் போட்டுவிடாதீர்கள், என் ஆபீசில் உங்கள் தளத்தைப் படிக்கிறவர்கள் மூன்று பேர், மூவரும் லிவர்பூல்.

செவ்வாய் விடியற்காலை 3 மணி ஆட்டம். எதிராளி திடல். அரைநேரத்தில் 2-0 பின்தங்கியிருந்தோம். டிவியை அணைத்துவிட்டுப் படுக்கலாம் என்று பார்த்தால் ரிமோட்டைக் காணோம், தேடி முடிப்பதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. 3-2 ஜெயித்தோம்! மூன்றாவது கோல் 90 நிமிடம் தாண்டி விழுந்தது. வீட்டில் எல்லோரும் தூக்கம், கத்த முடியாமல் சோபாத் தலையணையைக் கடித்துக்கொண்டேன். இப்போது இருபது குழுக்களில் 18ஆம் இடம், 31 புள்ளி. கடைசி மூன்று இடத்துக்காரர்கள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும். 17ஆம் இடத்துக்காரனுக்கு 33. ஐந்து ஆட்டம் பாக்கி. காலையில் ஒன்பது வயது மகனிடம் சொன்னேன். "அப்போ நாம தப்பிச்சிட்டோமாப்பா?" என்று கேட்கிறான். என்ன சொல்வது? நான் நம்பலாமா? அவனையும் நம்ப வைத்து, அப்புறம் கீழே போனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒரு வாசகர், செங்காங்

*

அன்புள்ள தம்பி,

முதல் வேலையாக அந்த ரிமோட்டை நீங்களே ஒளித்து வையுங்கள். சீசன் முடியும்வரை அது கிடைக்கவே கூடாது.

நான் காற்பந்து பற்றி அதிகம் எழுதாததற்குக் காரணம் வேறொன்றுமில்லை, நான் வெஸ்ட் ஹாம் ஆள். எங்கள் பெரியப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1971ல் பிரிட்டிஷ்காரர்கள் மூட்டை கட்டியபோது, அவருக்கு மேலே இருந்த கிழக்கு லண்டன் வெள்ளைக்காரர் ஒருவர் கருஞ்சிவப்பும் நீலமுமாக ஒரு கம்பளித் துண்டைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம் (சிங்கப்பூர் வெயிலில் அதை ஏன் கழுத்தில் போட்டிருந்தார் என்று நான் கேட்டதில்லை). 1966ல் இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணம் வாங்கித் தந்த குழுத்தலைவர் பாபி மூர் ஆடிய குழுவாக்கும் என்று பெரியப்பா அதைப் பாச்சை உருண்டை போட்டு அலமாரியில் வைத்திருந்தார். அவர் போன பிறகு துண்டு என்னிடம் வந்தது, கூடவே வியாதியும். எங்கள் புளோக்கில் மற்ற பையன்களெல்லாம் கோப்பை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் புள்ளிப்பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கப் பழகிக்கொண்டேன். 2003ல் 42 புள்ளி எடுத்தும் கீழே இறங்கினோம். 40 எடுத்தால் தப்பிக்கலாம் என்று யாராவது கோப்பிக்கடையில் ஆரம்பித்தால் நான் கோப்பியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவேன்.

அதனால் உங்கள் 3-2ஐப் படித்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது தோற்றவன் வீட்டு வரவேற்பறைதான். 2011 மே 15, ஞாயிறு இரவு. விகன் திடலில் எங்களுக்கு ஆட்டம், தோற்றால் கதை முடிந்தது. டெம்பா பா இரண்டு கோல் போட்டு அரைநேரத்தில் 2-0 முன்னால் இருந்தோம். நான் நிம்மதியாக எழுந்துபோய் மேகி கிளறினேன், முட்டை வேறு போட்டேன். இரண்டாம் பாதியில் விகன் ஒன்று, இரண்டு என்று திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரத்தில் சார்ல்ஸ் என்ஸோக்பியா மூன்றாவதையும் போட்டார். 3-2. அன்றைக்கே நாங்கள் இறங்குவது உறுதியானது, நிர்வாகி ஆவ்ரம் கிராண்டையும் கையோடு அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஆட்டம் முடியாமல் நான் வாயில் எதுவும் வைப்பதில்லை. விகன்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த ஞாயிறு ஸ்டோக்குக்குப் போய், ரோடலேகா தலையால் முட்டிய ஒரே ஒரு கோலில் 1-0 ஜெயித்துத் தப்பித்துவிட்டார்கள். அந்த 1-0ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவேன்.

இப்போது நீங்கள் கேட்க விரும்பாத கதை. 2013 ஜனவரியில் ரெடிங் குழு ஆடியதைப் பார்த்தவர்கள் யாரும் அது கீழே போகும் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். வெஸ்ட் பிராமிடம் 0-2 என்று இருந்ததை 3-2 ஆக்கினார்கள். நியூகாசில் திடலில் ஒரு கோல் பின்தங்கி, மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஆடம் லெ ஃபோன்ட்ரே இரண்டு போட்டு 2-1. செல்சியிடம் 0-2லிருந்து 2-2, அந்த இரண்டும் அவரே. அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் சிறந்த நிர்வாகி விருதும் அங்கேதான் போயின. மார்ச்சில் அந்த நிர்வாகிக்கு வேலை போய்விட்டது, மே மாதம் 28 புள்ளியோடு 19ஆம் இடத்தில் இறங்கினார்கள்.

ஏன்? விரட்டிப் பிடித்து ஜெயிக்க வேண்டுமென்றால் முதலில் பின்தங்கியாக வேண்டும், தம்பி. ஒவ்வொரு வாரமும் முதல் பாதியில் வீட்டைக் கொளுத்திவிட்டு இரண்டாம் பாதியில் அணைத்துக்கொண்டிருந்தால் என்றைக்காவது ஒருநாள் தண்ணீர் வராது. உங்கள் கடிதத்தில் மூன்றாவது கோல் இருக்கிறது, தலையணை இருக்கிறது, ரிமோட்கூட இருக்கிறது, அந்த முதல் இரண்டு கோலை எப்படி வாங்கினீர்கள் என்பது மட்டும் இல்லை. கார்னரில் ஆளை விட்டார்களா? நடுத்திடலில் பந்தைத் தொலைத்தார்களா? சனிக்கிழமைக்கு முன்னால் அதை ஒருதடவை போட்டுப் பாருங்கள். கசப்பாக இருக்கும், பார்த்தே ஆக வேண்டும்.

நம்பலாமா என்று கேட்டால், நம்புங்கள், ஆனால் அந்த 3-2க்காக நம்பாதீர்கள். அதற்கு அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருங்கள். எனக்கு இது ஃபுல்ஹாமைப் பார்த்து வந்த புத்தி. 2008 ஏப்ரல் 26, மூன்று ஆட்டம்தான் மிச்சம், மான்செஸ்டர் சிட்டி திடலில் அரைநேரத்தில் 0-2. உங்களுக்கு நடந்ததேதான். கமாரா ஒன்று போட்டார், டேனி மர்ஃபி பெனால்ட்டியைத் தவறவிட்டு, திரும்பி வந்த பந்தை உள்ளே தள்ளினார், கூடுதல் நேரத்தில் மறுபடி கமாரா. 3-2. இன்றைக்கும் ஃபுல்ஹாம்காரர்கள் அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் கண்ணில் தண்ணீர் வரப் பேசுவார்கள். ஆனால் அவர்களைக் காப்பாற்றியது அதற்கப்புறம் வந்த இரண்டு ஆட்டம் என்பது என் கட்சி. பர்மிங்ஹாமை 2-0, போர்ட்ஸ்மத் திடலில் 1-0, மர்ஃபி தலையால் முட்டியது, 76ஆவது நிமிடம். இரண்டிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. விரட்டவும் இல்லை, தலையணை கடிக்கும் வேலையும் இல்லை. லெஸ்டரும் அப்படித்தான். 2015 ஏப்ரலில் வெஸ்ட் பிராம் திடலில் 1-2 என்று இருந்து, 80ஆவது நிமிடத்தில் ஹூத், கூடுதல் நேரத்தில் வார்டி, 3-2. அதற்கு அடுத்தது ஸ்வான்சியை 2-0, அதற்கும் அடுத்தது பர்ன்லியில் 1-0. சீசன் முடிந்தபோது 14ஆம் இடம். மறுவருடம் அவர்கள் கோப்பையே தூக்கினார்கள், அதை உங்கள் மகனிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அடுத்து கணக்கு. இரண்டு புள்ளிதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கோல் வித்தியாசத்தை (போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) எழுதவில்லை, எழுதாதவர்களுக்கு அது பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். புள்ளி சமமானால் பிரிமியர் லீக்கில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டு அல்ல, மூன்று. 2008ல் ஃபுல்ஹாமும் ரெடிங்கும் (அதே ரெடிங்தான், பாவம்) ஆளுக்கு 36 புள்ளி. ஃபுல்ஹாமுக்கு மைனஸ் 22, ரெடிங்குக்கு மைனஸ் 25. கடைசி நாளில் ரெடிங் டார்பியை 4-0 அடித்தும் போதவில்லை. ஒரு சீசன் முழுக்க ரெடிங் வாங்கிய 66 கோலில் ஒரு நாலைந்து கோலை அவர்கள் கோல்காவலர் எங்கோ குளிர்கால ஆட்டத்தில், ஏற்கெனவே தோற்றுப்போன நிலையில், சோம்பலாக விடாமல் பிடித்திருந்தால் கதையே வேறு. 0-3 என்று ஆனதும் சானலை மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

இன்னொன்று, இனிமேல் நீங்கள் உங்கள் ஆட்டத்தை மட்டும் பார்க்கப்போவதில்லை. வாழ்நாளில் நினைத்தே பார்க்காத ஏதோ ஒரு குழு 17ஆம் இடத்துக்காரனை அடிக்க வேண்டும் என்று பிரார்த்தனை பண்ணுவீர்கள். அந்த மூன்று லிவர்பூல்காரர்களிடம்கூடக் குழைய வேண்டிவரும், பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும், நமக்கு இரவு 11 மணி. ஒரு கண் டிவியில், ஒரு கண் கைப்பேசியில். 2005ல் வெஸ்ட் பிராம் ரசிகர்கள் அப்படித்தான் நின்றார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைசி இடத்தில் இருந்த குழு, போர்ட்ஸ்மத்தை 2-0 ஜெயித்தாயிற்று, ஆனால் மற்ற மூன்று ஆட்டமும் முடிந்தால்தான் விடிவு. மூன்றும் அவர்களுக்குச் சாதகமாகவே முடிந்தன. 34 புள்ளியில் தப்பித்தார்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்குக் கீழே இறங்குவது என்றால் என்னவென்று இங்கே காட்ட வழியில்லை, நம் சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் ஒரே பிரிவுதான், கடைசி இடத்தில் வந்தாலும் அடுத்த வருடம் அங்கேயேதான். ஆனால் நாமே ஒருமுறை இறங்கியிருக்கிறோம். உங்களுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன், நினைவு இருக்க வாய்ப்பில்லை. மலேசிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்த காலம், 1992 சீசனில் சிங்கப்பூர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. ஒரு நாடே இறங்கியது! எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, இனி காலாங் திடல் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று தேக்காவில் நாலு பேர் முன்னால் சபதம் போட்டேன். மறுவருடம் பி.என். சிவாஜி பயிற்சியாளர், சுந்தரமூர்த்தி ஆடுகிறார் என்றதும் சபதம் காற்றில் போயிற்று. புருணைக்கு எதிராக அவர் அந்தரத்தில் மல்லாந்து தலைக்கு மேலே பந்தை உதைத்து வலைக்குள் போட்டாரே, அது இந்த 1993ல்தான், நாம் இரண்டாம் பிரிவில் கிடந்த வருடம். பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்காரப் பெரியவர், முன்பின் தெரியாதவர், என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். என் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அந்த வருடமே மேலே ஏறினோம், மலேசியக் கிண்ண இறுதியாட்டம்வரை போய்க் கெடாவிடம் தோற்றோம். 1994ல் லீக்கும் நமக்கு, கிண்ணமும் நமக்கு. டிசம்பர் 17, ஷா ஆலம், பகாங்கை 4-0, அப்பாஸ் சாட் மூன்று கோல், ஃபான்டி அகமது கிண்ணத்தைத் தூக்கினார். பாலம் தாண்டிப் பேருந்து பேருந்தாகப் போனோம், திரும்பி வரும்போது யாருக்கும் குரல் இல்லை.

அவனிடம் "ஆமாம், தப்பிச்சிட்டோம்" என்று சொல்லாதீர்கள். "தெரியலடா" என்றும் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. "இன்னும் இல்ல, வா கணக்குப் போடலாம்" என்று ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். உங்களுக்கு மேலே இருக்கும் மூன்று குழுக்களுக்கும் யார் யாரோடு ஆட்டம் பாக்கி, எது சொந்தத் திடல், எது எதிராளி திடல் என்று அவனே கட்டம் கட்டட்டும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். மைனஸ் எண்ணைக் கூட்டக் கழிக்க ஒன்பது வயதிலேயே கற்றுக்கொள்வான், டியூஷன் காசு மிச்சம். கீழே போனால் அவன் அழத்தான் செய்வான். அழட்டும், பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் அல்லவா. 2011 மே 15 இரவு நான் தனியாக உட்கார்ந்து மேகி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆட்டம் சனி இரவு 10 மணி என்று பார்த்தேன், சொந்தத் திடல், எதிராளியும் பெரிய ஆள் இல்லை. அவனைத் தூங்கவிடாமல் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை எனக்கு ஸ்கோரை மட்டும் அனுப்புங்கள். 4-3 என்றால் நீளமாக எழுதுங்கள், படித்துவிட்டுக் கவலைப்படுகிறேன். 1-0 என்றால் வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம்.