அம்பாசிடர் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெரால்டுக்குப் பொருந்துமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 948 சிசி. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில், தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது. பொள்ளாச்சி மெக்கானிக், அம்பாசிடருடையதை லேத்தில் கொடுத்துத் திருத்திப் போடலாம், ஆயில் பம்பையும் பார்த்துவிடலாம் என்கிறார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் ஐயா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: நிறைய இருக்கிறது தம்பி, உங்கள் மெக்கானிக் விவரம் தெரிந்தவர். ஹெரால்டில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது, அதன் தலையில் டிஸ்ட்ரிபியூட்டர் கவ்வி நிற்கிறது, அதன் காலில் ஆயில் பம்ப் தண்டு. மேலே இணைப்பு முறிந்தால் கரண்ட் நின்று வண்டி அங்கேயே நின்றுவிடும், போகட்டும். கீழே முறிந்தால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணெய் மட்டும் ஏறாது. எண்ணெய் அழுத்தம் காட்டும் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் கொஞ்ச தூரம் போனாலே பேரிங் போய்விடும். பல வருடம் முன்பு என் பட்டறையிலேயே இப்படி ஒரு கிராங்க் வீணானது, இன்றும் மனசு ஆறவில்லை.

அம்பாசிடருடையது கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், அதை நம்பாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தண்டின் நீளத்தை அளக்க வேண்டும். துளி அதிகமானாலும் அது பல்சக்கரத்தைக் கீழே அழுத்தும். அந்தச் சக்கரத்துக்கு மேலும் கீழும் 0.003 முதல் 0.007 அங்குலம் அசைவு வேண்டும், டிஸ்ட்ரிபியூட்டர் பீடத்துக்கு அடியில் காகித கேஸ்கெட்டைக் கூட்டிக் குறைத்துத்தான் அதைக் கொண்டுவருவார்கள். பழையதைக் கழற்றும்போது எத்தனை கேஸ்கெட் இருந்தது என்று எண்ணி வையுங்கள். அப்புறம், வேகத்துக்கேற்பத் தீப்பொறி நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் ஸ்பிரிங்குகள் அதில் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினுக்காக அமைந்தவை, மேட்டில் ஏறும்போது தட்டும் சத்தம் வரலாம். என்னைக் கேட்டால், உங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்கே புது புஷ் கடைந்து போடுவதுதான் நல்லது, லேத் கூலியும் குறைவு.

பம்பைத் திறந்தால், உள்ளே சுழலும் ரோட்டாருக்கும் மூடிக்கும் நடுவே 0.004 அங்குலம், ரோட்டார் இரண்டுக்கும் நடுவே 0.010, இதற்கு மேல் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) நுழைந்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மாட்டும் முன் பம்புக்குள் எண்ணெய் நிரப்புங்கள். பல்சக்கரத்தை இறக்கும் முன், டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார் சுற்றும் அதே பக்கமாகப் பம்ப் தண்டை டிரில்லால் சுற்றி, விளக்கு அணைகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.