வாங்கின பாம்பு என்ன பாம்பு? மலைப்பாம்பு கேள்வி-பதில்

இந்த தடவை வந்ததுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "புதுசா மலைப்பாம்பு வாங்கிருக்கேன், என்ன வகைன்னு சொல்லுங்க". கூட வர்ற போட்டோ எல்லாம் சுருண்டு கிடக்குற பாம்போட முதுகு. முதுக மட்டும் பாத்து வகை சொல்றது, போட்டிருக்க சட்டைய பாத்து ஆள் யாருன்னு சொல்ற மாதிரி. தலைய மேல இருந்து ஒண்ணு, உதடு தெரியிற மாதிரி பக்கவாட்டுல ஒண்ணு, வாலோட அடிப்பக்கம் ஒண்ணு, இந்த மூணு போட்டோ போதும்.

கேள்வி: அண்ணா, பால் பைத்தான் (Ball Python)னு சொல்லி ஒரு குட்டி குடுத்தாங்க. வரும்போது ரெண்டடி, ஒல்லியா இருந்துச்சு. நாலு மாசத்துல மூணரை அடி தாண்டிருச்சு. இவ்ளோ வேகமா வளருமா?

பால் பைத்தான் வளராது தம்பி. அது முட்டைய விட்டு வெளிய வர்றப்பவே ஒரு அடி, ஒன்றேகால் அடிதான் இருக்கும், முழுசா வளந்தாலும் பெரும்பாலும் 3-ல இருந்து 5 அடிக்குள்ள நின்னுரும். ரெண்டடில ஒல்லியாவும் இருக்காது, நடு உடம்பு குண்டா, கழுத்து மட்டும் சிறுத்து, சின்ன தலை. உன்னுது பர்மீஸ் பைத்தான், அதாவது பர்மா மலைப்பாம்புன்னு தோணுது. தலைய மேல இருந்து பாரு, மூக்கு நுனில ஆரம்பிச்சு கழுத்துப் பக்கம் அகலமாகிட்டே போற மாதிரி கரும்பழுப்புல ஒரு அம்பு முனை தெரியுதா? முதுகுல கரும் ஓரம் வெச்ச பழுப்பு திட்டு, ஒட்டகச்சிவிங்கி தோல் மாதிரி? அப்ப சந்தேகமே வேணாம். பால் பைத்தான்ல கதை வேற, உடம்பு கருப்பு, விலாப்பக்கம் வெளிர் பழுப்பு வட்டம், அந்த வட்டத்துக்குள்ள ரெண்டு கரும்புள்ளி, ஏதோ ஒரு முகம் நம்மள முறைக்கிற மாதிரியே இருக்கும்.

நானும் ஆரம்பத்துல இதே மாதிரி ஏமாந்தவன்தான். "நாலடி தாண்டாது சார்"னு குடுத்தாங்க, நானும் நம்பி ஒரு பிளாஸ்டிக் டப்பால வெச்சேன், ஒரு நாள் காலைல எந்திரிச்சு பாத்தா மூடி தரைல கிடக்கு, ஆளு ஃப்ரிட்ஜுக்கு பின்னாடி மோட்டார் சூட்டுல சொகமா சுருண்டு படுத்திருக்கு. பர்மீஸ் 12 அடிக்கு மேல போற பாம்பு. இப்பவே இடம் யோசிச்சு வை.

கேள்வி: பர்மீஸ்தான்னு சொல்றாங்க, ஆனா தலைல அந்த அம்பு முன்பக்கம் மங்கலா, லேசா ரோஸ் கலர்ல இருக்கே?

அப்ப இந்திய மலைப்பாம்பா இருக்கலாம். 2009 வரைக்கும் ரெண்டையும் ஒரே இனத்துலதான் வெச்சிருந்தாங்க, அதனால குழப்பம் வர்றதுல தப்பே இல்ல. ஒரு லென்ஸ் எடுத்து கண்ணுக்குக் கீழ பாருங்க. மேலுதட்டு செதில் நேரா கண்ண தொட்டா இந்திய வகை, நடுவுல குட்டி குட்டி செதில் வரிசை வந்து மறிச்சா பர்மீஸ். இது சும்மா பேர் பிரச்சினை இல்லீங்க, காட்டு உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கிறத கட்டுப்படுத்துற சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்துல இந்திய மலைப்பாம்பு ரொம்ப கெடுபிடியான முதல் பட்டியல்ல இருக்கு, மத்த மலைப்பாம்பு எல்லாம் ரெண்டாவது. பேப்பர் என்ன குடுத்தாங்கன்னு முதல்ல எடுத்து பாருங்க.

கேள்வி: முழு வெள்ளை, மஞ்சள் திட்டு. இது என்ன இனம் சார்?

வெள்ளை மஞ்சள்னா அது மார்ஃப், அதாவது ஒரே இனத்துல வர்ற நிற மாறுபாடு, தனி இனம் இல்ல. அல்பினோவுல கருப்பு நிறமி மட்டும்தான் போகும், பேட்டர்ன் அங்கேயேதான் இருக்கும், கருப்பு இருந்த இடம் வெளுத்திருக்கும் அவ்ளோதான். அந்த மஞ்சள் திட்டோட வடிவத்த பாத்து, மேல சொன்ன ஒட்டகச்சிவிங்கியா முறைக்கிற முகமான்னு பாத்தாலே பாதி தெளிவாகிரும்.

கேள்வி: மலைப்பாம்பா போவாவான்னே தெரியல ப்ரோ. வால் செங்கல் கலர்ல இருக்கு.

வால் மட்டும் செவந்திருந்தா போவா கன்ஸ்ட்ரிக்டர்னு என் சந்தேகம், அதுவும் மலைப்பாம்பு மாதிரியே இரைய சுத்தி நெரிக்கும், ஆனா வேற குடும்பம். உறுதி பண்ண பாம்ப தொடவே வேணாம், அது சட்டை உரிக்கிற வரைக்கும் பொறுங்க. உரிச்ச சட்டைய லேசா நனைச்சு விரிச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு வால் அடிப்பக்கம் பாருங்க. ஆசனவாய்க்கு அப்புறம் செதில் ரெண்டு ரெண்டா ஜோடியா போனா பெரும்பாலும் மலைப்பாம்பு, ஒத்தை ஒத்தையா பட்டையா போனா போவா. அப்புறம் உதடு. பால் பைத்தான், பர்மீஸ் மாதிரி ஆளுங்களுக்கு மேலுதட்டு செதில்லயே சின்ன சின்ன குழி இருக்கும், சூட்ட உணர்றதுக்கு, போவா கன்ஸ்ட்ரிக்டருக்கு அது வெளிய தெரியாது. ஆனா குழி இல்லைன்ன உடனே போவான்னு முடிவு கட்டிராதீங்க, ஆஸ்திரேலியாவோட வோமாவும் கருந்தலை மலைப்பாம்பும் குழியே இல்லாத மலைப்பாம்புங்க. இன்னொண்ணு, சட்டைய அளந்து பாம்பு நீளம் சொல்லாதீங்க, உரியிறப்ப அது இழுபட்டு நீண்டுரும்.

கேள்வி: கண்ணு ஆரஞ்சு, நடுமண்டைல மெல்லிசா ஒரு கருப்பு கோடு.

ரெட்டிக், அதாவது ரெட்டிகுலேட்டட் பைத்தான். உலகத்துலயே நீளமான பாம்பு, 20 அடி தாண்டினதும் உண்டு. முதல் தடவை பாம்பு வளக்குறவங்களுக்கு வேணவே வேணாம்னுதான் சொல்லுவேன்.

கேள்வி: ஆசனவாய் பக்கத்துல ரெண்டு நகம் மாதிரி இருக்கு, ஏதாவது நோயா?

நோய் இல்ல, பின்னங்காலோட மிச்சம். போவாவுக்கும் இருக்கும், அதனால வகை கண்டுபிடிக்க உதவாது.

கேள்வி: வீட்டுக்குப் பின்னாடி குட்டி மலைப்பாம்பு கிடைச்சுது, டப்பால போட்டு வெச்சிருக்கேன். முதுகுல சங்கிலி மாதிரி வரிசையா வட்டம், கிட்ட போனா குக்கர் விசில் மாதிரி சீறுது. கைல எடுத்து தலைய போட்டோ எடுக்கவா?

எடுக்காதீங்க! நீங்க அனுப்பின அந்த மங்கல் போட்டோவுலயே மூணு வரிசை முட்டை வடிவ வட்டம் தெரியுது, மலைப்பாம்பு திட்டு இப்படி ஒழுங்கா வராது, கோணல்மாணலாதான் இருக்கும். செதில் சொரசொரன்னு இருக்கு, மலைப்பாம்பு வழவழன்னு மின்னும். இது கண்ணாடி விரியன், குட்டிக்கும் விஷம் உண்டு. டப்பாவ திறக்காம, மூடி மேல கனமா ஏதாவது வெச்சுட்டு, பிள்ளைங்கள தள்ளி நிக்க சொல்லிட்டு, பாம்பு பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு இப்பவே போன் பண்ணுங்க.