டேட்டா அனலிஸ்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். சரியான கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொள்வது எப்படி?

டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் தெரியும், எக்செல் தெரியும், ஆனால் மீட்டிங்கில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றால் ஒன்றும் தோன்றுவதில்லை, வேலையில் உட்கார்ந்த பிறகுதான் வரிசையாகச் சந்தேகம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பல வருடங்களாக இதே வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களோடு உட்கார்ந்து வேலை பார்ப்பதும் உண்டு. அநேகமாக எல்லோருக்கும் இருக்கிற சிக்கல்தான் இது.

விடையும் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. வேலையில் கை வைத்தால்தான் சந்தேகம் வரும். அப்படியென்றால் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே அதில் கொஞ்சம் கை வைத்துவிட வேண்டும். யாராவது ஒரு தகவல் கேட்டால், கடைசியில் அவருக்கு அனுப்பப்போகும் அட்டவணையை நான் ஒரு தாளில் காலியாக வரைந்துவிடுவேன். எண்கள் வேண்டாம். தலைப்பும் கட்டங்களும் போதும். பிறகு ஒவ்வொரு கட்டமாக, "இதில் வரும் எண்ணை எப்படி எண்ணுவேன்?" என்று பார்ப்பேன். எந்தக் கட்டத்தில் கை நிற்கிறதோ அங்கே கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். மாதச் சந்தாவில் ஓடும் ஒரு செயலி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் சொல்கிறார்: "கடந்த மூன்று மாதத்தில் எத்தனை வாடிக்கையாளர்கள் நம்மை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்." கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. தாளில் இரண்டே நெடுவரிசை: மாதம், போனவர்கள். கீழே மூன்று வரிசை. இப்போது முதல் கட்டத்தை நிரப்பப் பாருங்கள்.

போனவர் என்று யாரைச் சொல்வது? ரத்து பட்டனை அழுத்தியவரையா? ஒருவர் 5-ஆம் தேதி ரத்து செய்கிறார். ஆனால் அடுத்த மாதம் 2-ஆம் தேதி வரைக்கும் பணம் கட்டியிருக்கிறார், அதுவரை பயன்படுத்தவும் செய்வார். அவர் எந்த மாதக் கணக்கில் வருவார்? இன்னொருவரின் கார்டு காலாவதியாகிவிட்டது, பணம் எடுக்க முடியாமல் சந்தா நின்றுபோனது. போக வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. அவரும் போனவரா? இலவசச் சோதனைக் காலத்தில் வந்து பணமே கட்டாமல் விட்டவர்? ரத்து செய்துவிட்டுப் பத்து நாளில் திரும்பி வந்தவர்? ஒரு நிறுவனம் இருபது ஊழியர்களுக்காக வாங்கிய கணக்கு ரத்தானால் போனது ஒருவரா, இருபது பேரா? நேரமெல்லாம் உள்ளூர் நேரத்தில் இல்லாமல் உலகப் பொது நேரமான யுடிசியில் பதிவாகியிருந்தால், மாதக் கடைசி இரவில் ரத்து செய்தவர் எந்த மாதத்தில் விழுவார்?

ஒரே ஒரு கட்டத்துக்கு இத்தனை கேள்விகள். மீட்டிங்கில் ஒன்றும் தோன்றாத அதே ஆளுக்குத்தான் இவ்வளவும் தோன்றும். இத்தனையையும் மேனேஜரிடம் போய்க் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. பாதிக்கு டேபிளைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். மீதியில் எது விடையை நிஜமாகவே மாற்றும் என்று பாருங்கள். நிறுவனக் கணக்குகள் இரண்டே இரண்டு என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிடலாம். பணம் எடுக்க முடியாமல் நின்றவர்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால் அதைக் கேட்காமல் ஒரு அடிகூட நகரக் கூடாது. ஒரு சின்ன க்வெரி (டேட்டாபேஸிடம் எஸ்கியூஎல்லில் கேட்கும் கேள்வி) போட்டு இந்த அளவுகளைத் தெரிந்துகொண்டு போய்க் கேட்டால் உரையாடலே வேறு மாதிரி இருக்கும்.

இதையெல்லாம் விட முன்னால் வர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த எண் கைக்கு வந்ததும் என்ன செய்யப்போகிறீர்கள்? போனவர்களுக்கு மெயில் அனுப்பித் திரும்ப அழைக்கப்போகிறார்கள் என்றால் அவருக்கு வேண்டியது எண்ணிக்கையே அல்ல, ஆட்களின் பட்டியல். கார்டு காலாவதியானவர்களை அதில் தனியாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும், அவர்களுக்கு எழுத வேண்டிய மெயிலே வேறு. முதலீட்டாளர்களுக்கான அறிக்கையில் போடுவதற்கு என்றால், போன காலாண்டில் எந்த வரையறையில் எண்ணினார்களோ அதே வரையறையில்தான் இப்போதும் எண்ண வேண்டும். விலையை ஏற்றியதால் ஆட்கள் போகிறார்களா என்று பார்ப்பதற்கு என்றால் மூன்று மாதம் போதாது, விலை ஏறுவதற்கு முந்தைய மாதங்களும் வேண்டும். வேண்டுகோள் ஒன்றுதான், ஆனால் செய்ய வேண்டிய வேலை மூன்று விதம். "எதற்காக?" என்று மொட்டையாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், "இதை வைத்து என்ன முடிவு எடுக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் அதற்கு ஏற்ற மாதிரி எடுத்துத் தருகிறேன்" என்று கேளுங்கள். இதற்கு யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது கேட்கும் விதம். வேலை அதிகமாக இருக்கும் ஒருவரிடம் "சர்ன் (வாடிக்கையாளர்கள் விட்டுப்போவது) என்றால் இங்கே என்ன அர்த்தம்?" என்று கேட்டால், அவர் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டியிருக்கிறது. அதனால் பதில் நாளைக்குத் தள்ளிப்போகும். உங்கள் ஊகத்தையும் கேள்வியோடு சேர்த்து அனுப்புங்கள். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "சந்தாவின் கடைசி நாள் முடிந்து, அடுத்த 30 நாளுக்குள் திரும்பி வராதவர்களைப் போனவர்களாக எடுத்துக்கொள்கிறேன். சோதனைக் காலத்தில் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. கார்டு பிரச்சினையால் நின்றவர்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இருக்கிறார்கள். இவர்களைத் தனி வரிசையில் காட்டட்டுமா, மொத்தத்திலேயே சேர்த்துவிடட்டுமா?" இதற்கு "தனியாகக் காட்டுங்கள்" என்று போனிலேயே பதில் போட்டுவிடலாம். ஊகம் தவறாக இருந்தால் இன்னும் நல்லது. "இல்லை இல்லை, நாங்கள் 30 நாள் பார்ப்பதில்லை" என்று தொடங்கி, எந்த ஆவணத்திலும் இல்லாத விவரத்தையெல்லாம் சொல்லிவிடுவார்கள். திறந்த கேள்வியை விடத் தவறான ஊகம் அதிக விவரத்தை வெளியே கொண்டுவருகிறது என்பது என் அனுபவம்.

மேனேஜரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டேட்டாவைப் பதிகிறவர்களிடம் போய்ப் பேசுங்கள். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான், இதற்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது. ரத்து செய்ததற்கான காரணம் என்று ஒரு நெடுவரிசை இருக்கும். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் "விலை அதிகம்" என்று வரும். உடனே சார்ட் போட்டு, விலையைக் குறைக்கலாம் என்று பரிந்துரை எழுதத் தோன்றும். அதற்கு முன்னால் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, அவர் அந்தப் படிவத்தை நிரப்புவதைப் பாருங்கள். பட்டியலில் முதலாவதாக இருப்பது "விலை அதிகம்" என்பதால், அழைப்பை முடிக்கும் அவசரத்தில் அதையே தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போகிறார் என்றால், அந்த நெடுவரிசை வாடிக்கையாளரின் மனதைச் சொல்லவில்லை. இதை யார் பதிகிறார்கள், எந்த நேரத்தில் பதிகிறார்கள், பதியாமல் விட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேட்டுவிட்டால் ஒரு நெடுவரிசையை எவ்வளவு நம்பலாம் என்பது தெரிந்துவிடும்.

இனி டேட்டாவிடமே கேட்க வேண்டியவை. புது டேபிள் எதைத் திறந்தாலும் என் முதல் கேள்வி: இதில் ஒரு வரிசை என்பது எது? ஒரு ஆளா, ஒரு ஆர்டரா, ஆர்டரில் உள்ள ஒரு பொருளா, ஒரு நாளா? பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆர்டர் டேபிளில் 900 தொகைக்கு ஒரு ஆர்டர் இருக்கிறது, அதில் மூன்று பொருட்கள். அதைப் பொருட்கள் டேபிளோடு ஜாயின் செய்தால், அதாவது ஆர்டர் எண்ணை வைத்து இரண்டையும் இணைத்தால், அந்த 900 மூன்று வரிசையில் வந்து உட்காரும். தொகையைக் கூட்டினால் 2,700. எந்த எர்ரரும் வராது. விற்பனை நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஜாயினுக்கு முன்னும் பின்னும் வரிசைகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். வெற்று மதிப்புகளும் இப்படித்தான். எஸ்கியூஎல்லில் சராசரி எடுக்கும்போது காலியாக இருப்பவை கணக்கிலேயே வருவதில்லை, பூஜ்ஜியமாகவும் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. காலி என்றால் "இல்லை"யா, "தெரியாது"வா, "இன்னும் நடக்கவில்லை"யா என்று யாரிடமாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்ற சாதாரணக் கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2020-இல் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விட்டுப்போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த கோப்புகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அந்த வகைக் கோப்பு 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. மீதி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. அந்த நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது.

சராசரியைப் பார்த்தால் அதற்குள் யார் யார் கலந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 1973-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் சுமார் 35 சதவீதம் பேருக்கு. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான அந்த வித்தியாசம் காணவில்லை. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். பெண்கள் ஏன் அந்தத் துறைகளில் குவிந்தார்கள் என்பது அடுத்த கேள்வி, அது முக்கியமான கேள்வியும்கூட. ஆனால் முதலில் பிரித்துப் பார்த்ததால்தான் அந்தக் கேள்வியே கிடைத்தது.

கேள்வி கேட்பதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஜான் ஸ்னோ என்ற ஆங்கில மருத்துவர். 1854-இல் லண்டனின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியபோது, இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்து, தெருப் பம்பின் மேல் சந்தேகத்தைக் கொண்டுவந்தவர். அவர் அதோடு நிற்கவில்லை. தன் ஊகத்துக்குப் பொருந்தாத ஆட்களைத் தேடிப் போனார். பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த மதுபான ஆலைத் தொழிலாளர்கள் யாரும் காலராவால் சாகவில்லை, ஏன்? அவர்களுக்கு பீர் கொடுக்கப்பட்டது, ஆலைக்குத் தனிக் கிணறும் இருந்தது, தெருப் பம்பை அவர்கள் நாடவே இல்லை. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு பெண் இறந்துவிட்டார், அது ஏன்? அந்தப் பம்புத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய், ஆள் விட்டுக் கொண்டுவரச் செய்து குடித்துவந்தார் என்பது விசாரித்தபோது தெரிந்தது. பொருந்தாமல் நின்ற இரண்டு விஷயமும் கடைசியில் ஊகத்துக்கே பலமாயின. நாம் என்ன செய்கிறோம்? சார்ட்டில் தள்ளி நிற்கும் புள்ளியை அவுட்லயர் என்று நீக்கிவிட்டு மேலே போகிறோம். நீக்குவதற்கு முன்னால் அந்த ஒரு வரிசையைத் திறந்து, அது யார், அங்கே என்ன நடந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

விடையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கேள்விகளிடம் கவனமாக இருங்கள். "புது டிசைன் வந்ததால் எவ்வளவு விற்பனை கூடியது?" என்று கேட்டால், கூடியது என்பதும் டிசைனால்தான் என்பதும் முன்பே முடிவாகிவிட்டது. அதே வாரத்தில் வேறு என்னவெல்லாம் மாறியது என்று கேளுங்கள். தள்ளுபடி ஏதாவது ஓடியிருக்கும், விளம்பரம் மாறியிருக்கும், அல்லது விற்பனையைப் பதியும் டிராக்கிங் நிரல் ஒரே விற்பனையை இரண்டு தடவை பதியத் தொடங்கியிருக்கும்.

ஏஐ கருவிகளிடம் கேட்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஜாயின் எழுதுவதற்கும், எர்ரர் ஏன் வருகிறது என்று பார்ப்பதற்கும் நன்றாக உதவும். ஆனால் உங்கள் அலுவலகத்தில் போனவர் என்று யாரைச் சொல்கிறார்கள் என்பதை, யாராவது எழுதிக் கொடுத்தால் தவிர, அதனால் அறிய முடியாது. அந்த வகைக் கேள்வியை மனிதர்களிடம்தான் கேட்டாக வேண்டும். முடிந்தால் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். நிதிப் பிரிவும் மார்க்கெட்டிங்கும் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு எண்களை வைத்திருப்பது மிகச் சாதாரணம். அடிப்படைக் கேள்வி கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். புதிதாக வந்தவர் கேட்கும்போதுதான், இத்தனை நாள் ஒரே வார்த்தையை ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது பழைய ஆட்களுக்கே தெரியவரும்.

சரி, கேட்டும் பதில் வரவில்லை, நாளைக்கு அறிக்கை போக வேண்டும் என்றால்? உங்கள் ஊகத்தை வைத்தே வேலையை முடியுங்கள். ஆனால் அந்த ஊகத்தை அடிக்குறிப்பில் ஒளித்துவைக்காமல் அட்டவணைக்கு நேர் மேலே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்: யாரைச் சேர்த்தீர்கள், யாரை விட்டீர்கள், எந்தத் தேதி வரை எடுத்தீர்கள். க்வெரியிலும் அதே இரண்டு வரியைக் கமெண்டாகப் போட்டுவையுங்கள். உங்கள் மெயிலுக்குப் பதில் போட நேரமில்லாதவர்கள்கூட, எண்ணுக்கு மேலே தங்களுக்கு ஒப்பாத வரையறை ஒன்றைப் பார்த்தால் உடனே எழுதுவார்கள். அந்தப் பதிலை வைத்து அறிக்கையைத் திருத்தி அனுப்பிவிடலாம், அடுத்த மாதம் அதே கேள்வியைக் கேட்க வேண்டியும் இருக்காது.