எண்டர்பிரைஸ் விண்கப்பலின் எஞ்சினில் கூர்முனை உண்டா, இல்லையா? மாதிரி கட்ட எதைப் பார்ப்பது?

கேள்வி இது: "பழைய ஸ்டார் டிரெக் தொடரை முதலிலிருந்து பார்க்கிறேன். ஒரு காட்சியில் எண்டர்பிரைஸ் கப்பலின் எஞ்சின்களுக்கு முன்னால் ஈட்டி மாதிரி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் முனையைக் காணோம், அந்த இடத்தில் விளக்கு சுழல்கிறது. நிறமும் ஒரு நேரம் வெள்ளை, ஒரு நேரம் நீலம். வீட்டில் மாதிரி ஒன்று கட்ட ஆசை. எதை நம்பிக் கட்டுவது?"

முனை உள்ள காட்சியும் நிஜம், இல்லாததும் நிஜம். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் படப்பிடிப்புக்காகச் செய்த ஒரே ஒரு மாதிரிக் கப்பலைத்தான். படம் பிடித்த காலம்தான் வேறு. ஏறக்குறைய 11 அடி நீளமுள்ள அந்தக் கப்பலை 1964 கடைசியிலிருந்து 1967 வரை மூன்று கோலங்களில் படம் பிடித்தார்கள். விண்வெளிக் காட்சி ஒன்றை எடுத்து முடிக்கப் பணமும் நேரமும் தண்ணீராகச் செலவாகும். அதனால் கையிலிருந்த பழைய துண்டுகளில் ஒன்றைக்கூட வீணாக்காமல், மூன்று கோலத்தையும் கலந்து ஒரே அத்தியாயத்தில் ஒட்டினார்கள். 1966இல் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரே ஒரு தடவை பார்க்கிறவர்கள் இதையெல்லாம் கவனிக்கப் போவதில்லை என்று நினைத்திருப்பார்கள்.

மேலே போவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 2006 முதல் 2008 வரை இந்தத் தொடரைப் புதுப்பித்தபோது வெளிக்காட்சிகளைக் கணினியில் புதிதாக வரைந்து மாற்றிவிட்டார்கள். இணையத்தில் சாதாரணமாகக் கிடைப்பது பெரும்பாலும் அந்தப் பதிப்புதான். அதில் தெரியும் கப்பலைப் பார்த்து அளவெடுத்தால் பயனில்லை. புளூரேயில் இரண்டு பதிப்பும் இருக்கும், பழைய காட்சிகளைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கூர்முனை வருவதும் போவதுமாக உங்களுக்குத் தெரிகிறது என்றால் நீங்கள் பார்ப்பது சரியான பதிப்புதான்.

சரி, கப்பலுக்கு வருவோம். வரைந்தவர் மேட் ஜெஃப்ரிஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர், சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருந்தவர். கப்பலின் மேலே குழாய், பெட்டி, கம்பி என்று எதுவும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதம் பிடித்தார். பழுது பார்க்கிறவன் எதற்கு வெளியே போய் உயிரைப் பணயம் வைக்க வேண்டும், எல்லாம் உள்ளேயே இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. மேற்பரப்பு அவ்வளவு மழமழவென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். கப்பல்மேல் எழுதியிருக்கும் என்.சி.சி. 1701 என்ற எண்ணும் விமானத்திலிருந்து வந்ததே. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சிவில் விமானங்களின் பதிவு எண்கள் என்.சி. என்று தொடங்கின. கூட ஒரு சி சேர்த்தார். 3, 6, 8, 9 ஆகியவை தூரத்தில் ஒன்றைப்போல் ஒன்று தெரியும் என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டு 1701 என்று வைத்தார்.

ரிச்சர்ட் டேட்டின் என்பவர் முதலில் 33 அங்குலத்தில் மரத்தால் ஒரு சின்னக் கப்பல் செய்து காட்டினார். அது ஒப்புதல் பெற்றதும் அவர் மேற்பார்வையில் கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் ஒரு மாதிரிப் பட்டறையில் பெரியது உருவானது. 1964 டிசம்பர் 29இல் அது ஸ்டூடியோ கைக்கு வந்தது. எடை 90 கிலோவை ஒட்டி. உடலில் பெரும்பகுதி பாப்லர் மரம். மேலே இருக்கும் பெரிய வட்டத் தட்டுக்கு, சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை அச்சின்மேல் போட்டுக் காற்றை உறிஞ்சி வடிவம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு எஞ்சின் குழாய்களும் உருட்டிய இரும்புத் தகடு.

இந்தக் குழாய் விஷயத்தை நான் லேசாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பட்டறையில் தகடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது அருங்காட்சியகப் படங்களைக் காட்டினேன். கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கி, முனையிலிருந்து வால்வரை விரலால் இழுத்துப் பார்த்தார். "அண்ணே, இது நேர்க்குழாய் இல்ல. பின்னால போகப் போக ஒடுங்குது பாருங்க. நேர்க்குழாய்னா உருளையில விட்டா வந்துடும். இப்படி ஒடுங்க உருட்டணும்னா தகட்ட முதல்லயே விசிறி மாதிரி வெட்டிக்கணும், அப்புறம் ஒரு பக்கம் வேகமா, ஒரு பக்கம் மெதுவா விடணும். லேசு இல்ல." அவருக்கு ஸ்டார் டிரெக் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மாதிரி கட்டும் ஆட்களிடம் அதுவரை நான் கேட்காத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். நீங்களாகவே குழாய்களைச் செய்வதாக இருந்தால், கடையில் பிவிசி குழாய் வாங்கி வெட்டினால் வேலைக்கு ஆகாது என்பது இதிலிருந்து தெரியும்.

இனி மூன்று கோலங்கள். முதல் முன்னோட்டத்துக்கு (தொடர் தொடங்கும் முன் சோதனையாக எடுத்த அத்தியாயம்) வந்த கப்பலில் விளக்கே கிடையாது, ஜன்னல்கள் எல்லாம் பெயிண்ட். எஞ்சின் முனைகள் மரத்தால் ஆன திடமான குமிழ்கள், நடுவில் அந்த ஈட்டி. அடிப்பகுதியின் முன்னால் இருக்கும் டிஷ் பெரியது, தட்டின் உச்சியில் இருக்கும் பிரிட்ஜ் (கப்பலை இயக்கும் அறை) குமிழ் உயரமானது. 1965இல் இரண்டாவது முன்னோட்டத்துக்காக உள்ளே விளக்கு போட்டார்கள், ஜன்னல்கள் ஒளிர்ந்தன. எஞ்சின்களின் பின்முனையில் வரிசை வரிசையாகத் துளைகள் வந்தன. ஈட்டி அப்படியே இருந்தது. 1966இல் தொடர் தொடங்கும்போது பெரிய மாற்றம்: ஈட்டியை எடுத்துவிட்டு ஒளி கசியும் குமிழ் வைத்தார்கள், பின்முனைத் துளைகள் போய் அங்கே உருண்டை வந்தது, டிஷ் சிறுத்தது, பிரிட்ஜ் தாழ்ந்தது.

ஆகவே ஒரு படத்தின் காலம் தெரிய வேண்டுமா, முதலில் எஞ்சினின் இரண்டு முனைகளையும் பாருங்கள். முன்னால் ஈட்டி, பின்னால் மொழுக்கென்று இருந்தால் முதலாவது. ஈட்டியோடு துளைகளும் இருந்தால் இரண்டாவது. உருண்டை தெரிந்தால் மூன்றாவது. முனை மறைந்திருக்கும் படம் என்றால் டிஷ்ஷின் அளவைப் பாருங்கள்.

சுழலும் விளக்கின் ரகசியம் தெரிந்தால் சிரிப்பீர்கள். மங்கலான குமிழுக்குள் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் நிற பல்புகள், அவற்றுக்கு முன்னால் மோட்டாரில் சுழலும் விசிறி, ஒளியைச் சிதறடிக்க உடைந்த கண்ணாடித் துண்டுகள். தொடரிலேயே அழகான காட்சி அதுதான் என்பேன். இப்போது எல்இடியில் செய்யும் எதிலும் அந்த ஒழுங்கில்லாத தணல்போன்ற அசைவு வருவதில்லை.

இடதுபக்கம் தனிக்கதை. விளக்குகளுக்கான மின்கம்பிகள் கப்பலின் இடதுபக்கம் வழியாக உள்ளே போயின. அந்தப் பக்கத்தைப் படமே பிடிக்கப் போவதில்லை என்பதால் அதை முடிக்கவும் இல்லை. வலதுபக்கம் அவ்வளவு நேர்த்தி, இந்தப் பக்கம் வந்தால் ஓட்டையும் கம்பியும். கப்பல் எதிர்த்திசையில் போக வேண்டும் என்றால்? எழுத்தையும் எண்ணையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிட்டு வலதுபக்கத்திலேயே ஒட்டுவார்கள், படம் எடுத்து ஃபிலிமைத் திருப்புவார்கள். எழுத்து நேராகிவிடும். கப்பல் நகர்வதும் இல்லை. அது ஒரு தண்டின்மேல் நிற்கும், பின்னால் நீலத்திரை, கேமராதான் தண்டவாளத்தில் போகும், வரும்.

நிறக் குழப்பத்துக்கும் இங்கேதான் விடை. நீலத்திரையின் ஒளி கப்பல்மேல் படும். அதோடு இந்தத் தொடரின் தந்திரக் காட்சிகளை ஒரே நிறுவனம் செய்யவில்லை, நான்கு நிறுவனங்கள் பங்குபோட்டன. ஒவ்வொன்றும் அச்சிட்ட விதத்தில் நிறம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரையில் நீலமாகத் தெரிகிறது என்று நீலம் கலந்தால் கப்பல் கெட்டது. அசல் ஒரு சாம்பல் நிறம்.

அருங்காட்சியகத்தில் இருப்பதையாவது நம்பலாமா என்று கேட்பீர்கள். எந்த ஆண்டு எடுத்த புகைப்படம் என்பதைப் பொறுத்தது. பாரமவுண்ட் நிறுவனம் 1974இல் கப்பலை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது. அப்போதே முன்பக்க டிஷ் காணாமல் போயிருந்தது. பிறகு பல முறை சீர் செய்தார்கள். 1991இல் தொடங்கிய வேலையில் உடல் முழுக்கப் புது வர்ணம் அடித்து, தகடுகள் சேரும் கோடுகளை அழுத்தமாகக் காட்டினார்கள். ரசிகர்கள் இன்றுவரை அதற்குச் சண்டை போடுகிறார்கள், நானும் அவர்கள் கட்சிதான். ஆனால் அந்த வேலையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது: தட்டின் மேற்பக்கத்தைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். அசல் வர்ணம் மிஞ்சிய இடம் அதுதான்.

2014இல் கப்பலைக் கீழே இறக்கி மறுபடி ஆராய்ந்தபோது அந்த மேற்பக்கம்தான் சாட்சி சொன்னது. எக்ஸ்ரே எடுத்து உள்ளே எதை எதோடு பொருத்தினார்கள் என்று பார்த்தார்கள். சில இடங்களில் வர்ணத்தை அடுக்கடுக்காகத் தேய்த்து அடியில் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 60களில் கப்பலை நேரில் பார்த்து யாராவது படம் எடுத்திருந்தால் தாருங்கள் என்று பொதுமக்களிடமும் கேட்டார்கள். இலக்காக அவர்கள் வைத்தது 1967 ஆகஸ்ட். 'த டிரபிள் வித் டிரிபிள்ஸ்' அத்தியாயத்துக்குப் படம் பிடித்த நேரம், கப்பலின் உருவம் கடைசியாக மாறியது அப்போதுதான். 2016 ஜூலையில் வாஷிங்டன் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் வைத்தார்கள். இடதுபக்கத்தை நிரப்பி அழகாக்காமல் அப்படியே விட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. அது படப்பிடிப்புக்காகச் செய்த பொருள் என்பதை அந்த ஓட்டைகள்தான் சொல்கின்றன. ஆகவே 2016க்குப் பிறகு எடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தியவை 1991 கோட்டுவேலையின் சாட்சி.

தட்டின் மேல் இருக்கும் கட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை வெட்டிய கோடுகள் என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் பென்சில் கோடுகள்! நல்ல புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சாம்பல்மேல் கொஞ்சம் கருத்த சாம்பலாகக் கோடு போவது தெரியும். இரண்டடி தள்ளி நின்றால் மறைந்துவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் சிங்கப்பூருக்கு வருவோம். போலார் லைட்ஸ் நிறுவனத்தின் 350இல் ஒரு பங்கு அளவுள்ள கிட்டில் (ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டி) மூன்று கோலத்துக்கும் தேவையான மாற்றுப் பாகங்கள் இருக்கின்றன, முடிந்தால் 82 சென்டிமீட்டர் நீளம் வரும். வாங்கும் முன் வீட்டில் இடம் பாருங்கள், வீட்டுக்காரியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பெரிய தொல்லை வர்ணம் அடிப்பதுதான். தாழ்வாரத்தில் ஸ்பிரே அடித்தால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பதில் சொல்லி மாளாது. ஈரக் காற்றில் லாக்கர் வர்ணம் வெளுத்து, பால் தெளித்தமாதிரி படரும். டிசம்பர், ஜனவரி மழையில் கேட்கவே வேண்டாம். நான் தண்ணீரில் கரையும் வர்ணத்தை ஏர்பிரஷ்ஷில் வைத்து, குளிர்சாதனம் ஓடும் அறையில் மெல்லிய பூச்சுகளாக அடிக்கிறேன். லாக்கர்தான் வேண்டும் என்றால் வெயில் காயும் முன்மதியமாகப் பாருங்கள்.

முதல் தடவை என்றால் மூன்றாவது கோலத்தையே கட்டுங்கள், அதற்குத்தான் படங்களும் அளவுகளும் அதிகம். முதல் கோலத்துக்கு விளக்கு வேலை கிடையாது என்று ஆசைப்பட்டு இறங்காதீர்கள். விளக்கு இல்லாத கப்பலில் கண் நேராக வர்ணத்துக்கும் மூட்டுகளுக்கும்தான் போகும், சின்னக் குறையும் பளிச்சென்று தெரியும். விளக்கு போடுவதாக இருந்தால் ஒட்டும் முன்பே பிளாஸ்டிக்கின் உட்புறம் முழுக்கக் கறுப்பு, அதன்மேல் வெள்ளை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் வழியாக வர வேண்டிய வெளிச்சம் சுவர் வழியாகவும் கசியும்.

ஒன்று மறந்தேன். டேட்டின் செய்த அந்த 33 அங்குலக் கப்பலின் படங்களும் இணையத்தில் சுற்றுகின்றன, பெரியதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அதைத் தன் மேசையில் வைத்திருந்தார். 70களின் கடைசியில் திரைப்பட வேலைக்காக இரவல் போனது திரும்பவே இல்லை. 2023இல் திடீரென்று ஈபேயில் விற்பனைக்கு வந்து, ஏல நிறுவனம் ஒன்று அசல்தான் என்று உறுதிசெய்து, 2024இல் அவர் மகனிடம் போய்ச் சேர்ந்தது. அப்புறம் 'த டூம்ஸ்டே மெஷின்' அத்தியாயத்தில் சிதைந்து மிதக்கும் கப்பலைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது கடையில் விற்ற ஏஎம்டி பிளாஸ்டிக் கிட். பெட்டியில் வந்த 1701 ஸ்டிக்கரின் எண்களை இடம் மாற்றி 1017 என்று ஒட்டி, உடலைச் சுட்டு உருக்குலைத்துப் படம் பிடித்தார்கள்.